வலைப்பின்னல் பாடமும் எங்கள் வகுப்பும்

(இளங்கலை சமூகவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

ஐந்தாம் பருவத்தில் எங்கள் துறையில் ‘சமூக வலைப்பின்னல் ஆய்வு’ என்றொரு விருப்பப் பாடம் வைக்கப்பட்டது. பெயரைப் பார்த்ததும் எங்களில் பாதிப் பேர், இது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பற்றிய பாடம், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே தேறிவிடலாம் என்று மகிழ்ந்து பெயர் கொடுத்தோம். முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் அம்மையார் கரும்பலகையில் ஓர் அணியை எழுதினார். பிளஸ் டூவோடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டு எடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பாடம் கடினம், வேலைக்கு உதவாது, தமிழில் நூல் இல்லை என்று மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. நான்காவதாக ஒரு காரணம் உண்டு. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. அந்த நான்காவதில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மற்றத் துறை நண்பர்களுக்காகப் பாடம் இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் புள்ளிகளாகவும் அவர்களிடையே உள்ள உறவைக் கோடுகளாகவும் வரைந்து, அந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போடுவதே இந்த ஆய்வு. புள்ளிக்கு எங்கள் வகுப்பில் ‘கணு’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். கரும்பின் கணுவை அறியாதவர் யார்? யாரிடம் அதிகக் கோடுகள் வந்து சேர்கின்றன, யாரை நீக்கினால் படம் இரண்டாகப் பிளக்கும், யாருக்கு எத்தனை கை மாறிச் செய்தி போகும் என்பனவெல்லாம் இதில் கணக்குகள்.

இதன் பிறப்பே சுவையானது. 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் என்னும் ஊரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். ஏன் என்று ஆராய வந்த ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர், ஹெலன் ஜென்னிங்ஸ் என்பவருடன் சேர்ந்து, யார் யாருடன் ஒரே இல்லத்தில் வாழ விரும்புகிறாய் என்று பெண்களிடம் கேட்டுப் படம் வரைந்தார். ஓடிப்போகும் எண்ணம் அந்தக் கோடுகளின் வழியாகத்தான் பரவிற்று என்று காட்டினார். இங்கு ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மொரீனோ சும்மா கேட்கவில்லை. அந்தப் பெண்களை எந்த இல்லத்தில் யாருடன் அமர்த்துவது என்பதற்காகவே கேட்டார். பெயர் சொன்னவளுக்கு அதனால் ஒரு பயன் இருந்தது.

வேலைக்கு உதவாது என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. இந்தத் துறையின் புகழ்பெற்ற கட்டுரையே வேலை தேடுவதைப் பற்றியதுதான்! 1973-இல் மார்க் கிரானோவெட்டர் எழுதியது. பாஸ்டன் நகருக்கு அருகே நியூட்டன் என்னும் ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கண்டு, அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8 விழுக்காடு. உயிர்த் தோழனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி எட்டத்தில் இருப்பவரிடமிருந்தே வரும் என்பது அவர் கண்ட காரணம். நம் கல்லூரி வாசல் தேநீர்க்கடையில் போட்டித் தேர்வு அறிவிக்கைகள் முதலில் யார் வாயிலிருந்து வருகின்றன என்று கவனித்தால் இது விளங்கும்.

தமிழில் நூல் இல்லை என்பது மெய்தான். ஜெராக்ஸ் தாள்களை வைத்துக்கொண்டு அகராதியோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் பொருள் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. எம்.என். ஸ்ரீனிவாசும் ஆந்த்ரே பெத்தெயும் 1964-லேயே இந்தியச் சமூக அமைப்பில் வலைப்பின்னல்கள் பற்றிச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெத்தெய், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தவர். அண்மைக் காலத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் பக்கத்துக் கர்நாடகத்தில் 75 கிராமங்களில் உறவுப் படம் எடுத்தனர். யாரிடம் மண்ணெண்ணெயும் அரிசியும் கைமாற்று வாங்குவீர்கள், யாருடன் கோயிலுக்குப் போவீர்கள், யாரிடம் அறிவுரை கேட்பீர்கள் என்பன போன்ற வினாக்கள். சிறுகடன் பற்றிய செய்தி எப்படிப் பரவுகிறது என்ற அவர்களுடைய கட்டுரை 2013-இல் வெளியாயிற்று. பின்னர் 2019-இல் வந்த இன்னொரு கட்டுரையில், ‘ஒரு செய்தியை ஊர் முழுக்கப் பரப்ப யார் ஏற்றவர்?’ என்று ஊராரையே கேட்டால், கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்களை அவர்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டனர். என் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பாட்டிக்குக் கட்டுரை எழுதத் தெரியாதே!

இனி நான்காவது காரணத்திற்கு வருகிறேன்.

அகமதிப்பீட்டுக்காக எங்கள் வகுப்பையே படமாக வரைவது என்று முடிவாயிற்று. மொத்தம் 38 பேர். பெண்கள் 23, ஆண்கள் 15. ‘ஓர் உதவி தேவைப்பட்டால் வகுப்பில் யாரிடம் முதலில் கேட்பாய்? மூன்று பெயர் எழுதுக’ என்று ஒரே ஒரு வினா. தாளின் தலையில் அவரவர் பெயர். ஆளுக்கு மூன்றாக 114 அம்புகள் கிடைத்தன. கணினி ஆய்வகத்தில் ஓடிய இயந்திரங்கள் குறைவாதலால், கணக்கை அதில் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிய சார்ட்டில் கையாலேயே வரைந்தோம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை என்னிடம் விட்டார்கள். புள்ளிகளுக்கு எண் போட்டால் போதும் என்று விரிவுரையாளர் அம்மையார் சொல்லியிருந்தார். எண்ணைப் பார்த்தால் யாருக்கு என்ன புரியும் என்று எண்ணி நான் பெயர்களையே எழுதினேன். ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. துறை மன்ற விழாக் கண்காட்சியில் அது நடுச்சுவரில் தொங்கிற்று. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். அரைநாள் வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

படம் சொன்னவற்றில் சில வேடிக்கையானவை. முதல் மதிப்பெண் வாங்கும் தோழியின் நோட்டு ஆண்கள் பக்கம் சுற்றாத நாள் கிடையாது. படத்திலோ அவருக்கு ஒரு நீல அம்பும் இல்லை. பெயர் போட்டுக் கொடுக்கும் தாளில் எந்த மாணவன் ஒரு மாணவியின் பெயரை எழுதுவான்? அம்பு காட்டியது உதவியை அன்று. எழுதத் துணிந்ததை மட்டுமே. 114 அம்புகளில் இரண்டே இரண்டுதான் நீலத்திற்கும் சிவப்பிற்கும் இடையே சென்றன. அவ்விரண்டும் ஒரே இருவருக்கிடையே, ஒன்று போவதும் ஒன்று வருவதுமாக இருந்தன. கணக்கின்படி அவர்கள் இருவரும் வகுப்பின் பாலங்கள். அவர்களை நீக்கினால் படம் இரண்டு துண்டு. தேர்வில் எழுதுவதற்கு அருமையான எடுத்துக்காட்டு! கண்காட்சிக்கு வந்த கூட்டமோ அந்த இரண்டு கோடுகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிற்பகல் அந்த மாணவி என்னிடம் வந்து, “என் கோட்டை மட்டும் அழித்துவிடுங்கள்” என்றார். ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கோட்டை எப்படி அழிப்பது? வெள்ளைத்தாள் ஒட்டினேன். ஒட்டிய பிறகு அந்த இடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அவர்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதை இங்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர், எழுதவில்லை.

சாதி என்ற வினாவை எங்கள் தாளில் நாங்கள் வைக்கவில்லை. வைக்காத வினாவுக்கும் படம் விடை சொல்லிற்று. ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் எட்டுப் பேர், படத்தில் நான்கு நான்காக இரண்டு கொத்துகளில் நின்றனர். இடையே ஓர் அம்பும் இல்லை. ஏன் இரண்டு என்று அந்த ஊர்க்காரர் எவரும் கேட்கவில்லை. விருந்தினர் ஒருவர் கேட்டபோது, “தெரு வேறு சார்” என்று யாரோ பதில் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது இவை இரண்டும் அல்ல. படத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரு நீலப் புள்ளி. அதிலிருந்து மூன்று அம்புகள் வெளியே போயின. உள்ளே ஒன்றும் வரவில்லை. அந்த நண்பன் எழுதிய மூவரும் அவன் பெயரை எழுதவில்லை; வேறு எவரும் எழுதவில்லை. மூலையில் போட்டது கணக்கு அன்று, நான்தான். நடுவில் கோடுகள் நெருங்கிவிட்டதால், இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒதுக்கி வரைந்தேன். “யாரப்பா இந்தப் பாவம்?” என்று வந்தவர் ஒருவர் உரக்கவே கேட்டார். அவன் அப்போது அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

அவன் மலையடிவாரத்து ஊரிலிருந்து வருபவன். காலையில் முதல் பஸ், மதியம் வகுப்பு முடிந்ததும் 1.40 பஸ். மன்றக் கூட்டம், மட்டைப்பந்து, தேநீர்க்கடை எதிலும் அவனைப் பார்க்க முடியாது. நான்கு நாள் கழித்து அவனாகவே சொன்னான்: “நீங்க கிளாஸுக்குள்ளே யாருன்னுதானே மாப்ளே கேட்டீங்க?” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனோடு அந்த 1.40 பஸ்ஸில் ஏறினேன். நல்ல மனத்தோடு ஏறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒப்படைப்பைத் திருத்தி எழுதினால் மதிப்பெண் கூடும் என்ற எண்ணமும் இருந்தது. ஏறியதும் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு துண்டு கிடந்தது. அவனுக்குப் போட்ட இடமாம். யாரோ ஒரு பெரியவர் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு பாட்டி கைப்பேசியை நீட்டி, முதியோர் உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி, கல்லூரி விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். நடத்துநர் சில்லறை இல்லாதவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியை அவனிடம் சொல்லி வைத்தார். ஒருவர் மருந்துச் சீட்டைக் காட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றார். ஆசிரியர் கற்றுக்கொடுத்த பழக்கத்தால் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது நிமிடத்தில் பதினொரு பேர் அவனிடம் உதவி கேட்டார்கள். எங்கள் வகுப்புப் படத்தில் அதிக அம்பு வாங்கியவருக்கு ஒன்பதுதான்.

இதற்குப் பாடத்தில் பெயர் உண்டு. எல்லை வகுத்தல் என்பார்கள். வலைப்பின்னலின் எல்லையை எங்கே போடுவது என்பதே ஆய்வின் முதல் சிக்கல் என்று லாமன், மார்ஸ்டன், பிரென்ஸ்கி ஆகிய மூவர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அகத்தேர்வில் இது ஐந்து மதிப்பெண் வினா. நான் ஐந்தும் வாங்கினேன். வாங்கியது சார்ட் வரைவதற்கு இரண்டு வாரம் முன்பு!

இன்னொரு செய்தியும் வகுப்பில் கேட்டதுதான். வெய்ன் ஸாக்கரி என்பவர் 1970 முதல் 1972 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கத்தைக் கவனித்து வந்தார். 34 உறுப்பினர், 78 கோடுகள். கட்டணத் தகராறில் பயிற்சியாளருக்கும் சங்கத் தலைவருக்கும் சண்டை வந்து சங்கம் இரண்டாக உடைந்தது. யார் எந்தப் பக்கம் போவார் என்று படத்தை வைத்தே கணக்கிட்டதில் 33 பேர் சரியாக விழுந்தனர். ஒருவர் மட்டும் மாறிப் போனார். தலைவர் பக்கம் சாய்ந்திருந்த அவர், பயிற்சியாளரோடு போய்ச் சேர்ந்தார். காரணம், கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு அவருக்கு மூன்றே வாரம் பாக்கி! உலகெங்கும் இந்தத் துறை மாணவர்கள் இந்தச் சங்கத்தை வைத்துப் பழகுகிறார்கள். எல்லாரும் அந்த 33 பேரைப் பற்றித்தான் வியக்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் அந்த ஒருவர்மீதுதான் கண் போகிறது. அவரிடம் போய்க் கேட்டதனால்தானே காரணம் தெரியவந்தது?

பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தால் சிக்கலே இல்லை என்பார் சிலர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2008-ஆம் ஆண்டு, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட மாணவர்களின் ஃபேஸ்புக் உறவுகளை ஆய்வாளர்கள் தொகுத்து, பெயர்களை நீக்கி, கல்லூரியின் பெயரையும் மறைத்து வெளியிட்டார்கள். அது ஹார்வர்டு என்று பிறர் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. மாணவர்களிடம் தனித்தனியே ஒப்புதல் கேட்டிருக்கவில்லை என்பதும் அப்போது பேசப்பட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்தக் கதி என்றால், 38 பேர் வகுப்பில் எண் எதை மறைக்கும்? நீலத்திற்கும் சிவப்பிற்கும் இடையே கோடு உள்ள இருவர் யார் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிட மாட்டார்களா?

ஆகவே என் கருத்து இது. பாடம் இருக்க வேண்டும். நான் மூன்றாண்டில் படித்த தாள்களில், வகுப்பறையை விட்டு வெளியே வந்த பிறகும் என்னோடு வந்தது இது ஒன்றுதான். ஆனால் அடுத்த ஆண்டு மாணவர்கள் முதல் பயிற்சியைத் தங்கள் வகுப்பின்மேல் செய்யலாகாது. கராத்தே சங்கத்தின் படம் இருக்கிறது. 34 புள்ளியை ஒரு மணி நேரத்தில் கையால் வரையலாம். அதில் கை பழகட்டும். பிறகு வகுப்புக்கு வரும்போது, எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மொரீனோவைப் போல, அதனால் கேட்கப்படுபவருக்கு ஏதேனும் ஆகவேண்டும். குழு ஒப்படைப்புக்கு யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்காகக் கேட்டால்கூடப் போதும். வெறுந்தாள் கொடுக்கவும் இடம் வேண்டும். வகுப்புக்கு வெளியே உள்ளவர் பெயரையும் எழுதவிட வேண்டும். படம் வரைந்ததும் அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அதில் இருப்பவர்கள்; விழாவுக்கு வந்தவர்கள் அல்லர். சுவரில் தொங்கவிடுவது பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

என் அறை நண்பன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “எல்லாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பேர் தரமாட்டார்கள். பாதிப் பேர் இல்லாத படம் பொய்ப்படம்” என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. சில புள்ளிகள் விடுபட்டால் பாலம் எது, கொத்து எது என்ற கணக்கெல்லாம் பிசகிவிடும் என்பது உண்மை. ஒப்படைப்பைத் திருத்தி எழுதுவதற்காக நான் மறுபடி எல்லாரையும் கேட்டேன். இம்முறை ஒப்புக்கொண்டவர் 26 பேர். படம் முன்னதைவிடக் குறையுள்ளதாகத்தான் வந்தது. விடுபட்ட 12 பேரைப் பற்றி எதையும் துணிந்து சொல்ல முடியாது என்று முடிவுரையில் எழுதினேன். விரிவுரையாளர் அம்மையார் அந்த வரியின் கீழ் மட்டும் கோடு போட்டு, மதிப்பெண்ணை இரண்டு கூட்டிக் கொடுத்தார்.

பாடத்தை எடுத்துவிடாமல், செய்முறையை மாற்றித் தொடருமாறு வேண்டித் துறைத்தலைவர் வழியாகப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அதில் கையெழுத்திட்டவர்கள் 31 பேர். கோட்டை அழிக்கச் சொன்ன தோழியும் இட்டிருக்கிறார். மலையடிவாரத்து நண்பன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நின்றபடியே இட்டுவிட்டு ஓடினான். மீதி ஏழு பேர் ஏன் இடவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை.